சிவப்புக் கோடும் தமிழ்ச் சொல்லும்

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, அச்சுத் தொழிலில் இருப்போரும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் எழுத்து வேலை கண்ணில் படும். கூப்பிடு தூரத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி. அவற்றை நம்பி ஆய்வேடு டைப் செய்யும் கடைகள், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். மெயின்கார்டு கேட் பக்கம் திரும்பினால் கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பு, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். ஒரு நாளைக்கு இந்த வட்டாரத்தில் அச்சாகிற தமிழ் கொஞ்சமல்ல. இத்தனைக்கும் பிழை பார்ப்பது யார்?

பழைய அச்சகங்களில் அதற்கென்று ஓர் ஆள் இருப்பார். காலி புரூஃப் அவர் மேஜைக்கு வரும். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, ல-ள-ழ மயக்கம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் வளைத்து ஓரத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் கண்ணில் படாமல் ஒரு பக்கமும் மெஷினுக்கு ஏறாது. இன்று அந்த மேஜை இல்லை. டைப் செய்கிறவரே வடிவமைக்கிறார், அவரே பிழை பார்க்கிறார், பக்கத்தில் வாடிக்கையாளர் நின்றுகொண்டு "சீக்கிரம் அண்ணே" என்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு துணை வேண்டும். ஆங்கிலத்தில் டைப் செய்பவருக்கு அந்தத் துணை 1971 முதல் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரால்ஃப் கோரின் என்பவர் 'ஸ்பெல்' என்ற நிரலை எழுதினார். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் நம் கடைகளில் பெரும்பாலான கணினிகளில் தமிழுக்கு அது இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மென்பொருள் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, அதை ஓட வைப்பது ஒரு பொழுதில் முடிகிற வேலை. குறைவாக இருப்பது நல்ல சொற்பட்டியல். அதைத் தரக்கூடியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதலில் ஓட வைப்பதைப் பார்த்துவிடுவோம். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டர் தெரிந்திருக்கும். டான் ஹோ என்பவர் 2003-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜிஎடிட், விம், ஈமாக்ஸ் என்று பல உண்டு. எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒரே ஏற்பாடுதான். எடிட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது எழுத்துகளைத் திரையில் காட்டும், கோப்பில் சேமிக்கும், அவ்வளவே. அதோடு ஒட்டிக்கொள்ளும் பிளக்-இன், திரையில் இருக்கும் வரியைச் சொல் சொல்லாக வெட்டி, ஒவ்வொன்றையும் பிழைதிருத்தி இயந்திரத்திடம் நீட்டி "இது சரியா?" என்று கேட்கும். இயந்திரம் தன்னிடம் உள்ள அகராதிக் கோப்புகளைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும். இல்லை என்றால் பிளக்-இன் சிவப்பு நெளிகோடு போடும். எடிட்டர், பிளக்-இன், இயந்திரம், அகராதி. வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், இந்த நான்கில் எது எதோடு பேசவில்லை என்று மட்டும் கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு டிஸ்பெல்செக் என்ற பிளக்-இன் இருக்கிறது. 'பிளக்-இன்ஸ் அட்மின்' பட்டியலில் தேடி நிறுவிக்கொள்ளலாம். இங்கே பலரும் தடுக்கி விழும் முதல் இடம் 32 பிட், 64 பிட் வேறுபாடு. நோட்பேட் பிளஸ் பிளஸின் 64 பிட் வடிவம் 2016-இல் வந்தது. அதற்கு முந்தைய 32 பிட் பிளக்-இன் கோப்பை எங்கிருந்தோ எடுத்து 64 பிட் எடிட்டரின் ஃபோல்டரில் போட்டால் அது ஏறவே ஏறாது. ஆஸ்பெல் என்ற பழைய இயந்திரத்தை நம்பிய பிளக்-இன்களுக்கும் இதே கதிதான். அதனால் எடிட்டரும் பிளக்-இன்னும் ஒரே பிட்டில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து அகராதி. ஹன்ஸ்பெல் என்ற இயந்திரத்துக்கு ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று 'டிக்' என்று முடியும். அதில் வேர்ச்சொற்கள் வரிசையாக இருக்கும். இன்னொன்று 'ஏஎஃப்எஃப்' என்று முடியும். அதில் அந்தச் சொற்களோடு என்னென்ன ஒட்டும், எப்படி ஒட்டும் என்ற விதிகள் இருக்கும். இரண்டுக்கும் முற்பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கிவைத்துவிட்டு "தமிழ் பட்டியலில் வரவில்லையே" என்று தேடுவது வழக்கமாக நடப்பது. ஃபெடோரா லினக்ஸில் ஹன்ஸ்பெல்லுக்கான தமிழ்ப் பொதி தனியாகவே கிடைக்கிறது. ஆஸ்பெல்லுக்கான தமிழ்ச் சொற்பட்டியலோ 2004-லேயே வந்துவிட்டது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவர்கள் பிளக்-இன் அமைப்பில் இரண்டு மொழிகளையும் சேர்த்தே தேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஒரு மொழி முழுக்கச் சிவப்பாக நிற்கும். நிரல் கோப்புகளில் குறிப்புரைகளை மட்டும் சோதிக்கும்படியும் அந்தப் பிளக்-இன்னில் ஓர் அமைப்பு உண்டு. வலைப்பக்கக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் ஒரு கோடும் விழவில்லை என்று திகைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். இனித் தமிழுக்கே உரிய சிக்கல்கள்.

நம் கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது எழுத்துரு. பிழைதிருத்தி உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. ஆகவே உலகத்திலேயே சிறந்த தமிழ் அகராதியைக் கொண்டுவந்து வைத்தாலும் பாமினிக் கோப்பில் ஒரு சொல்லைக்கூட அதனால் படிக்க முடியாது. தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் தரும் யூனிகோடையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்று 2010-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. விசைப்பலகைக்கோ 1999-இலேயே தமிழ்-99 என்ற பொது ஏற்பாடு வந்துவிட்டது. யூனிகோடில் டைப் செய்து, பிழை பார்த்து முடித்து, அதன்பிறகு அச்சு மென்பொருள் கேட்டால் மட்டும் பழைய குறியேற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பிழைதிருத்திக்கு இடமே இல்லாமல் போகும்.

யூனிகோடுக்கு வந்தபிறகும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பிளக்-இன் வரியைச் சொல்லாக வெட்டும் என்றேன். எங்கே வெட்டும்? ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல்கள் "எழுத்து அல்லாதது எது வந்தாலும் அங்கே வெட்டு" என்று நினைக்கும். 'நிலையம்' என்ற சொல் யூனிகோடில் ந, இகரக் குறி, ல, ஐகாரக் குறி, ய, ம, புள்ளி என்று ஏழு துண்டுகளாக இருக்கிறது. இதில் ந, ல, ய, ம நான்கும்தான் யூனிகோடு கணக்கில் எழுத்துகள். குறிகளும் புள்ளியும் எழுத்தோடு சேரும் அடையாளங்கள் என்று வேறு வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடையாளத்தை எழுத்தாக எண்ணாத நிரல் 'நிலையம்' என்ற சொல்லை 'ந', 'ல', 'யம' என்று நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அகராதியில் தேடும். திரையில் துண்டு துண்டாகச் சிவப்புக் கோடு விழும். பார்ப்பவர் "தமிழ் அகராதி மோசம்" என்று முடிவு கட்டிவிடுவார். அகராதியின் மீது குற்றமே இல்லை. பைத்தான் மொழியில் பழகிய மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். அதன் வழக்கமான தேடல்தொகுப்பில் 'சொல்லெழுத்து' என்ற குறியும் தமிழ் உயிர்மெய்க் குறிகளைச் சேர்த்துக்கொள்ளாது. ஒருமுறை சோதித்துப் பாருங்கள், நான் சொல்வது கண்ணால் தெரியும். பிளக்-இன்னில் சொல்லை எதை வைத்துப் பிரிப்பது என்று ஓர் அமைப்பு இருந்தால், இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே பிரிப்பான்கள் என்று அதை மாற்றிவிடுங்கள். தமிழ் முழுச் சொல்லாக இயந்திரத்துக்குப் போய்ச் சேரும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் இன்னொரு வேடிக்கையான சிக்கல் காத்திருக்கிறது. ஊரின் பெயரிலேயே இருக்கிறது அது. 'ஸ்ரீரங்கம்' என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிட முடியும். ஸ், ரீ என்று தட்டினாலும் அந்தக் கூட்டெழுத்து வரும். ஶ் என்ற வேறொரு எழுத்தோடு ரீ தட்டினாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே கூட்டெழுத்துதான் வரும். அந்த ஶ, 2005-இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில்தான் தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் எல்லாரும் ஸ்-ஐப் பயன்படுத்தினார்கள். பிறகு வந்த சில விசைப்பலகை மென்பொருள்கள் ஶ்-ஐ எடுத்துக்கொண்டன. விளைவு என்ன? ஒரே பக்கத்தில் இரண்டு ஸ்ரீரங்கம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அகராதியில் ஒன்று இருந்தால் மற்றதன் கீழே சிவப்புக் கோடு விழும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பெயர்ப் பட்டியல்களை அகர வரிசைப்படுத்தும்போது இரண்டும் இரண்டு இடத்தில் போய் நிற்கும். ஹன்ஸ்பெல்லின் விதிக்கோப்பில் 'உள்ளே வரும்போது இதை அதுவாக மாற்றிக்கொள்' என்று ஒரு வரி எழுதும் வசதி இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஸ்ரீரங்கத்துக்கும் ஸ்ரீநிவாசனுக்கும் ஸ்ரீதேவிக்கும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட முடியாது. 'கௌரி' என்பதில் வரும் கௌ ஓர் உயிர்மெய். அவசரத்தில் பலர் கெ போட்டு ள போட்டுவிடுகிறார்கள், 'கெளரி' ஆகிவிடுகிறது. தாளில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சரி, கெள என்று எங்கே வந்தாலும் கௌ ஆக்கிவிடு என்று விதி எழுதலாமா? எழுதினால் காவிரியில் பிடிக்கிற கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும். அதில் இருப்பது உண்மையாகவே கெ-யும் ளு-வும். ஆகவே இங்கே இயந்திரம் தானாக மாற்றக் கூடாது, பரிந்துரை மட்டும் செய்ய வேண்டும். அதற்கும் விதிக்கோப்பில் இடம் உண்டு. அங்கே ன-ண, ர-ற, ல-ள-ழ என்று தமிழர் தடுமாறும் இடங்களை எழுதிவைத்தால், 'வாலைப்பழம்' என்று தட்டியவருக்கு 'வாழைப்பழம்' முதல் பரிந்துரையாக வரும். எந்தப் பிழை அடிக்கடி வருகிறது என்பது புத்தகத்தில் இல்லை. பத்திருபது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவரின் தலைக்குள் இருக்கிறது.

இந்த ஹன்ஸ்பெல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு நெருக்கம் உண்டு. ஹங்கேரிய மொழிக்காக நேமெத் லாஸ்லோ என்பவர் எழுதியது அது. அதற்கு முன் ஓபன் ஆபீஸில் இருந்த மைஸ்பெல், ஆங்கிலம் போன்ற மொழிகளுக்குப் போதுமானதாக இருந்தது. ஹங்கேரியனோ தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. ஒரு வேர்ச்சொல்லின் பின்னால் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்ந்துகொண்டே போகும். மைஸ்பெல் அதைத் தாங்கவில்லை. ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி தங்கள் மொழிக்குப் பொருந்தவில்லை என்று அவர்கள் ஒதுங்கி உட்காரவில்லை. நிரலின் மூலம் திறந்திருந்தது, எடுத்து நீட்டித்தார்கள். 2006 முதல் ஓபன் ஆபீஸ் ஹன்ஸ்பெல்லுக்கு மாறியது. இன்று லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் அதுதான் வேலை செய்கிறது. சிறிய நாட்டுக்காரர்கள் தங்கள் மொழிக்காகச் செய்துகொண்டது உலகத்துக்கே ஆயிற்று.

தமிழில் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். அகராதிக் கோப்பில் 'நிலையம்' என்று எழுதி, சாய்கோடு போட்டு, விதி எண் 1 என்று குறிக்கிறோம். விதிக்கோப்பில் 1-ஆம் விதியாக இப்படி எழுதுகிறோம்: சொல் 'ம்' என்று முடிந்தால் அந்த 'ம்'-ஐ வெட்டு, 'த்தை' என்பதை ஒட்டு. நிலையத்தை கிடைத்துவிட்டது. அதே விதியின் கீழே த்தில், த்துக்கு, த்திற்கு, த்தின், த்தோடு, த்துடன், த்திலிருந்து என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பன்மைக்கு 'ம்' போய் 'ங்கள்' வரும். அதன்மேல் மறுபடியும் எல்லா வேற்றுமைகளும் ஏறும். இந்த விதியை ஒருமுறை எழுதினால் சத்திரம், மண்டபம், கோபுரம், கட்டணம் என்று மகரத்தில் முடியும் ஆயிரக்கணக்கான சொற்களுக்கும் அது பயன்படும். அகராதியில் ஒவ்வொரு வடிவத்தையும் எழுத வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்துமா என்றால், பொருந்தாது. 'இப்ராஹிம்' என்ற பெயரும் 'ம்' என்றுதான் முடிகிறது. அவரை 'இப்ராஹித்தை' என்று எழுதுவாரா யாராவது? 'இப்ராஹிமை' என்றுதான் எழுதுவோம். ரூம், டீம், பிரேம் எல்லாம் அந்தக் கூட்டம். 'ஆல்பம்' வெளியிலிருந்து வந்த சொல்லாக இருந்தும் 'ஆல்பத்தை' என்று நம் வழிக்கு வந்துவிட்டது. எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று இலக்கணச் சூத்திரம் சொல்லாது. தமிழில் தினமும் எழுதுகிறவருக்குக் காது சொல்லும். அவர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து 1 என்றோ 2 என்றோ எண் போட வேண்டும். இந்த வேலைக்கு நிரலாளர் வேண்டாம். பள்ளியில் தமிழை ஒழுங்காகப் படித்து, பிறகு அதை விடாமல் எழுதிவரும் யாரும் போதும்.

ஹன்ஸ்பெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அது பின்னொட்டை இரண்டு அடுக்கு வரைதான் உரித்துப் பார்க்கும். 'நிலையங்களிலிருந்துதானே' என்ற சொல்லில் நிலையம், கள், இல், இருந்து, தான், ஏ என்று ஆறு துண்டுகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஆகவே விதி எழுதுகிறவர் 'ங்களிலிருந்து' என்பதை ஒரே ஒட்டாகவும் 'தானே' என்பதை இன்னொன்றாகவும் முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லே இப்படி என்றால் வினைச்சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டாம். காலம், இடம், பால், எச்சம், எதிர்மறை, துணைவினை என்று ஒரு வினை எடுக்கும் வடிவங்கள் ஆயிரக்கணக்கில் போகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழி-மார்ஃப் என்ற உருபனியல் பகுப்பி இந்த அடுக்குகளை வேறு வழியில், இன்னும் ஆழமாகப் பிரிக்கிறது. அதையும் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பெரிய எல்லை சந்தி. 'சத்திரத்துக்குப் போகும் பேருந்து' என்று எழுதும்போது ப் மிகுகிறது. 'சத்திரத்துக்கு வரும் பேருந்து' என்றால் ஒன்றும் மிகாது. ஹன்ஸ்பெல் ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் பார்க்கும். அடுத்த சொல் என்ன என்று அதற்குத் தெரியாது. ஆகவே சத்திரத்துக்கு, சத்திரத்துக்குக், சத்திரத்துக்குச், சத்திரத்துக்குத், சத்திரத்துக்குப் என்ற ஐந்தையும் சரி என்று சொல்வதைத் தவிர அதற்கு வழியில்லை. 'சத்திரத்துக்குப் வரும்' என்று தப்பாக எழுதினாலும் பேசாமல் இருந்துவிடும். சொற்களை இணையாகப் பார்க்கும் கருவிதான் இதைப் பிடிக்கும். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் ராஜாராமன் உருவாக்கிய 'நாவி' அந்த வகையைச் சேர்ந்த சந்திப்பிழை திருத்தி. எழுத்துப்பிழைக்கு அவருடைய 'வாணி' இருக்கிறது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கணிமை விருது கொடுத்துப் பாராட்டியது. பேராசிரியர் ந. தெய்வ சுந்தரம் உருவாக்கிய 'மென்தமிழ்' சொல்லாளரிலும் பிழைதிருத்தியும் சந்தி திருத்தியும் சேர்ந்தே இருக்கின்றன. முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பில் சொல்திருத்தி ஒரு பகுதி. இவர்கள் ஒவ்வொருவரும் செய்திருப்பது பெரிய வேலை. வாணியும் நாவியும் இணையத்தில் இருப்பதால் எதையும் நிறுவத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் தயங்காமல் அங்கே ஒட்டிப் பாருங்கள்.

அப்படியானால் எடிட்டருக்குள் பிளக்-இன் எதற்கு என்று கேட்பீர்கள். நம் கடைகளுக்கு வரும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். தேர்வு வினாத்தாள் வருகிறது, வழக்குப் பத்திரம் வருகிறது, இன்னும் சமர்ப்பிக்காத ஆய்வேடு வருகிறது. அவற்றையெல்லாம் இணையத்தில் எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பிப் பிழை பார்ப்பது, நம்பிக் கொடுத்தவருக்குச் செய்யும் நியாயமல்ல. தவிர, நெட் இல்லாத நேரத்திலும் கடை ஓட வேண்டும். தட்டும்போதே கோடு விழுந்தால் விரல் உடனே திருத்தும். முடித்த பிறகு மொத்தமாகப் பார்த்தால் கண் சோர்ந்துவிடும். ஆகவே சொந்தக் கணினியில், எடிட்டருக்குள்ளேயே ஓடும் கருவி நமக்குத் தேவை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பெல் தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு ஃபிளெக்ஸ் அடிக்கும்போது 'பணி நிறைவு விழா' என்பது 'பனி நிறைவு விழா' ஆகிவிட்டால் எந்தப் பிழைதிருத்தியும் கோடு போடாது. பனியும் நல்ல சொல்தான். மனம்-மணம், கரை-கறை, அரம்-அறம் எல்லாம் அப்படியே. சிவப்புக் கோடு இல்லை என்றால் பிழை இல்லை என்று பொருளல்ல. இந்தக் கருவி மனிதக் கண்ணின் சுமையைக் குறைக்கும், கண்ணை வீட்டுக்கு அனுப்பாது. மெய்ப்புத் திருத்துநர் வேலையை இது பறித்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே என் பதில்.

இப்போது சொற்பட்டியலுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. ஆனால் இன்று நோட்டீஸில் வரும் சொற்கள் எத்தனை அதில் இருக்கும்? க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்து, 2008-லும் 2020-லும் விரிந்தது. இன்றைய எழுத்துத் தமிழுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பது என் கருத்து. அது பதிப்புரிமை உள்ள நூல். அப்படியே எடுத்துக் கொட்டிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன, திறந்த உரிமத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து சொற்களை அள்ளலாம். ஆனால் அள்ளும்போது பிழைகளும் சேர்ந்தே வரும். 'சுவற்றில்' என்று நூறு பேர் எழுதியிருந்தால் கணினி அதையும் நல்ல சொல் என்றே எடுத்துக்கொள்ளும். 'சுவரில்' என்பதே சரி என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே இருக்கிறார்? நான் மீண்டும் இந்த வட்டாரத்துக்கே வருகிறேன். சத்திரத்திலிருந்து புறப்படும் பேருந்துகளின் பலகைகளைப் படித்துப் பாருங்கள். மண்ணச்சநல்லூர், சமயபுரம், துறையூர், முசிறி, லால்குடி. நகருக்குள் உறையூர், தில்லைநகர், தென்னூர், பாலக்கரை. இவற்றில் எத்தனை பெயர் பொது அகராதியில் இருக்கும்? மண்ணச்சநல்லூரை 'மணச்சநல்லூர்' என்று எழுதுகிற பலகையும் இருக்கிறது. திருவானைக்காவல், திருவானைக்கா, திருவானைக்கோவில் மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கோயிலா கோவிலா என்றால் இரண்டுமே சரி. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்றால் புலவர்களே இன்னும் வாதிடுகிறார்கள். இத்தகைய இடங்களில் பிழைதிருத்தி இரண்டையும் ஏற்க வேண்டும் என்பது என் நிலை. கருத்து வேறுபாட்டைச் சிவப்புக் கோடாகப் போட்டுப் பயமுறுத்துவது கருவியின் வேலையல்ல. உண்மையான பிழைக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் இடையே கோடு கிழிப்பது அச்சுத் தொழிலில் ஊறியவர்களால் முடிகிற காரியம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லை, ஏலாக்குறிச்சி. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். நிகண்டுகளில் செய்யுளாகக் கிடந்த சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, எவரும் அகர வரிசையில் தேடும்படி ஆக்கினார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தனி ஆளாகச் செய்த வேலை அது. நாம் இத்தனை பேர் இருக்கிறோம், கையில் கணினியும் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? பிளக்-இன் சரியான சொல்லுக்குக் கோடு போட்டால், வலது கிளிக் செய்து 'அகராதியில் சேர்' என்று கொடுப்பீர்கள். அந்தச் சொல் உங்கள் கணினியில் ஒரு பயனர் அகராதிக் கோப்பில் போய் உட்காரும். ஓராண்டு வேலை செய்தால் அதில் பெரிய பட்டியல் சேர்ந்துவிடும்: ஊர்ப் பெயர்கள், தெய்வப் பெயர்கள், கல்யாணப் பத்திரிகைச் சொற்கள், பாடத்திட்டக் கலைச்சொற்கள். கணினியை மாற்றும்போது அது காணாமல் போகும். இப்படித்தான் ஒவ்வொரு கடையிலும் தமிழ் அகராதி எழுதப்பட்டு, ஒவ்வொரு கடையிலும் அழிந்துகொண்டிருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவசரத்தில் பிழையான சொல்லைச் சேர்த்துவிட்டால் அதன்பிறகு அந்தப் பிழை உங்கள் கண்ணுக்கு வரவே வராது. ஆகவே 'சேர்' என்பதைத் தட்டும் முன் அகராதியைப் புரட்டுங்கள், சந்தேகம் என்றால் சேர்க்காமல் விடுங்கள்.

தமிழில் கட்டற்ற மென்பொருள் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் த. சீனிவாசன் தொடங்கிய கணியம் இதழைச் சுற்றி ஒரு நல்ல குழு வளர்ந்திருக்கிறது. நிரல் எழுத அங்கே ஆள் உண்டு. மண்ணச்சநல்லூருக்கு எத்தனை சுழி என்று சொல்ல அவர்களால் எப்படி முடியும்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். மகரத்தில் முடியும் சொற்களை எடுத்து 'த்தை' கூட்டம், 'மை' கூட்டம் என்று பிரித்து விதி எண் போட்டுக் கொடுங்கள். தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குள் முடியும்.

கடைக்காரர்களுக்கு: நாளைக்கே உங்கள் பயனர் அகராதிக் கோப்பைப் பிரதி எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவரிடம் அச்செடுத்துக் கொடுத்து, தப்பானதை அடித்துத் தரச் சொல்லுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியும் கொடுங்கள். மிஞ்சியதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தோடு பொதுவில் வையுங்கள். பிழை திருத்திய பழைய புரூஃப் கட்டுகள் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாணவர்கள் கேட்டு வந்தால் கொடுங்கள்.